சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் பயிற்சி மையத்தை முழுதாகப் பயன்படுத்துவது எப்படி

என் மகனுக்குப் பெருமூளை வாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு கடினமாகும் நிலை. அவனுக்கு இரண்டு வயதானபோது முதல் மையத்தின் படியேறினேன். இப்போது அவனுக்குப் பதினான்கு. கடந்த சில வருடங்களாக, ஒரு மையத்துக்குப் புதிதாக வரும் பெற்றோருடன் முதலில் உட்கார்ந்து பேசும் வேலையைச் செய்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது அதே சில இடங்களில்தான். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு வைத்துக்கொள்வது என்று தெரியாததுதான் காரணம். அந்த வரிசையில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

ஒரு கணக்கை முன்பே சொல்லிவிடுகிறேன். குழந்தை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மையத்தில் இருக்கிறது என்றால், விழித்திருக்கும் மீதி எண்பது மணி நேரமும் உங்களோடும் வீட்டாரோடும்தான் இருக்கிறது. அந்த எண்பது மணி நேரத்தில் என்ன செய்வது என்று நீங்கள் கற்றுக்கொள்ளத்தான் மையத்துக்குப் போகிறீர்கள். இதை மறந்தால் மற்ற படிகள் எதுவும் சரியாக அமையாது.

1. காது, கண், உடம்பு: இவற்றை முதலில் பாருங்கள்

பேச்சு வரவில்லை என்று ஸ்பீச் தெரபிக்கு வரும் குழந்தைக்குச் செவித்திறன் சோதனை நடந்திருக்க வேண்டும். "கதவு தட்டினால் திரும்பிப் பார்க்கிறானே" என்பது சோதனை ஆகாது. பெரிய சத்தம் கேட்கும் குழந்தைக்கு ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். நடுக்காதில் நீர் தேங்கினால் ஒரு வாரம் கேட்கும், அடுத்த வாரம் மங்கும். இது தெரியாமல் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தால் குழந்தையின் காலம்தான் வீணாகும்.

கண்ணும் அப்படியே. பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குப் பார்வைக் குறைபாடு அதிகம் வரும். டவுன் சிண்ட்ரோம் என்றால் தைராய்டு சோதனையும் குறிப்பிட்ட இடைவெளியில் தேவை.

திடீரென்று அடம், தலையை மோதிக்கொள்வது, தூக்கமின்மை என்று வந்தால் அதைக் குணம் என்று எண்ணுவதற்கு முன்பு வலி இருக்கிறதா என்று பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் மூன்றும் பேச முடியாத குழந்தையிடம் இப்படித்தான் வெளிப்படும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீள்கிற குழந்தைக்கு வலிப்பு இருக்கலாம். அந்த நொடிகளை ஃபோனில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே வந்த பேச்சோ நடையோ போய்விட்டது என்றால் மையத்துக்கு வரும் முன் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சரி, நோயின் பெயர் உறுதியாகும் வரை மையத்துக்குப் போகாமல் இருக்கலாமா? கூடாது. பெயர் கிடைக்க மாதங்கள் ஆகலாம். உட்காரக் கற்றுக்கொள்வதற்கும், வேண்டியதைக் காட்டக் கற்றுக்கொள்வதற்கும் பெயர் தேவையில்லை. பெயரைத் தேடுவதும் பயிற்சியும் ஒருசேர நடக்கட்டும்.

2. ஒரு ஃபைல், ஒரு பக்கம், மூன்று வீடியோ

எல்லாக் காகிதங்களும் ஒரே ஃபைலில், தேதி வாரியாக, புதியது மேலே. மூலப் பிரதியை எங்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல்தான் கொடுக்க வேண்டும்.

ஃபைலின் முதல் தாளாக, குழந்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பிறந்தபோது நடந்தவை இரண்டு வரி, இப்போது சாப்பிடும் மருந்தும் அளவும், ஒவ்வாமை, எதைக் கண்டால் பயம், எதைக் கொடுத்தால் சிரிப்பு, வேண்டியதை எப்படிக் காட்டும். மையத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் பிரசவ அறையிலிருந்து கதையை ஆரம்பித்தால் உங்கள் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். சொல்லிச் சொல்லி மனமும் நொந்துபோகும்.

அப்புறம் வீடியோ. சாப்பிடும்போது ஒன்று, தானாக விளையாடும்போது ஒன்று, கஷ்டப்படும் ஒரு செயலைச் செய்யும்போது ஒன்று. ஒன்றிரண்டு நிமிடம் போதும். புது இடத்தில் குழந்தை ஒடுங்கிவிடும், வீட்டில் செய்வதில் பாதியைக்கூடக் காட்டாது. வீடியோ இல்லாமல் வந்த குழந்தையின் திறனைக் குறைத்து மதிப்பிட்டு, ஏற்கெனவே தெரிந்ததையே பல வாரம் கற்றுக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

3. ஒரே ஒரு தேவையைத் தேர்ந்தெடுங்கள்

"என்ன எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "பேசணும்", "நடக்கணும்", "மற்ற பிள்ளைகள் மாதிரி ஆகணும்". அந்த ஆசையை நான் மதிக்கிறேன், எனக்கும் அதுதான் இருந்தது. ஆனால் அதை வைத்து நாளைக் காலை என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆசையைச் செயலாக மாற்றி எழுத வேண்டும். எந்தச் செயல், எந்த நேரத்தில், யாரோடு, எவ்வளவு உதவியோடு என்ற நான்கும் அதில் இருக்கட்டும். "பேசணும்" என்பது "தாகம் எடுத்தால் அழாமல், டம்ளரைச் சுட்டியோ படத்தைக் காட்டியோ அம்மாவிடம் கேட்கணும்" என்று மாறும். "நடக்கணும்" என்பது "படுக்கையிலிருந்து கழிவறை வரை ஒரு கையைப் பிடித்துக்கொண்டு போகணும்" என்று மாறும்.

நிறைய தேவைகள் இருக்கும்போது எதை முதலில் எடுப்பது? உயிருக்கு ஆபத்தானது எப்போதும் முதலிடம்: விழுங்கும்போது புரையேறுவது, வீட்டைவிட்டு ஓடுவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது. அதற்கடுத்து, வேண்டியதைச் சொல்லும் வழி. ஏனென்றால் அடத்தில் பெரும் பகுதி சொல்ல முடியாத தவிப்பிலிருந்து வருகிறது. அந்த வழி திறந்தால் மற்ற பயிற்சிகளும் இலகுவாகும். உடுத்துவது, குளிப்பது, கழிவறைப் பழக்கம் எல்லாம் அதற்குப் பிறகு. எழுத்தும் எண்ணும் இன்னும் பின்னால். பலர் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். தண்ணீர் கேட்கத் தெரியாத குழந்தைக்கு அ, ஆ சொல்லித்தரும்படி கேட்கிறார்கள்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். தாத்தா எழுதுவதும் அப்பா எழுதுவதும் வேறாக இருக்கும், அதைப் பேசித் தீர்ப்பதே பாதி வேலை. குழந்தையால் சொல்லவோ காட்டவோ முடிந்தால் அதையும் கேளுங்கள். என் மகனுக்கு ஏழு வயதில், தானாக நடப்பதைவிட முக்கியமாக இருந்தது பந்து விளையாடும் இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேருவது. சக்கர நாற்காலியை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தது நான்தான்.

4. மையத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கேள்வி: "பயிற்சி நடக்கும்போது நான் உள்ளே இருக்கலாமா?" குழந்தை பழகும் வரை ஓரிரு நாள் வெளியே இருக்கச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். எப்போதுமே கதவுக்கு வெளியேதான் என்றால் அங்கே நீங்கள் கற்றுக்கொள்ள எதுவும் கிடைக்காது. குழந்தையை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதும் தெரியாது.

அடுத்து கேட்க வேண்டியவை: பயிற்சி கொடுப்பவரின் படிப்பு என்ன, இலக்கை யார் முடிவு செய்கிறார்கள், எவ்வளவு நாளுக்கொருமுறை மதிப்பிடுகிறார்கள், அது எழுத்தில் கிடைக்குமா, பெற்றோருக்கென்று தனி வகுப்பு உண்டா. ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே குழந்தைகளின் முகத்தைப் பாருங்கள்.

சில சொற்களைக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். "ஆறு மாதத்தில் முழுதாகக் குணமாக்குவோம்." "ஒரு வருடக் கட்டணத்தை முன்பே கட்டினால்தான்." "அடித்தால்தான் திருந்துவான்." ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்யவைத்து, "பாருங்கள், எவ்வளவு எழுதுகிறான்" என்று காட்டும் முறையையும் நம்ப வேண்டாம். கட்டுப்பாடான சோதனைகளில் அந்தச் சொற்கள் கையைப் பிடித்தவரிடமிருந்து வந்தவை என்று தெரிந்தது. இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆட்டிசத்துக்கு என்று உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் செலேஷன் மருந்து இன்னும் ஆபத்து. 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று அதனால் இறந்தது.

தூரத்தையும் எண்ணிப் பாருங்கள். பேர் பெற்ற மையம் மூன்று மணி நேரப் பயணம், சுமாரான மையம் பக்கத்தில் என்றால், பக்கத்து மையத்துக்கு விடாமல் போவதைத்தான் நான் சொல்வேன். பயணத்தில் களைத்த குழந்தையால் கற்றுக்கொள்ள முடியாது. மூன்றாவது மாதத்தில் நீங்களும் களைத்து நிறுத்திவிடுவீர்கள்.

5. முதல் நாள்

குழந்தையின் தூக்க நேரத்தில் முதல் சந்திப்பை வைக்காதீர்கள். முடிந்தால் பெரியவர்கள் இரண்டு பேர் போங்கள். ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ள.

பயிற்சியாளரிடம் பேசும்போது, குழந்தைக்கு என்னென்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது, பேச முடியாத குழந்தைக்கும் நாம் பேசுவது புரியலாம். இரண்டாவது காரணம், புதுத் திறனை எதன்மேல் கட்டுவது என்று பயிற்சியாளருக்கு அதிலிருந்துதான் தெரியும். அவர் குழந்தையிடம் ஏதாவது கேட்டால் நீங்கள் முந்திப் பதில் சொல்லாமல் பொறுங்கள். இது கஷ்டமான காரியம், ஆனாலும் பொறுக்க வேண்டும்.

புரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். தலையாட்டிவிட்டு வந்தால் வீட்டில் போய்த் தவிக்க வேண்டியதுதான்.

இந்தப் பகுதியில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கிளம்பும் முன் பயிற்சியாளரிடம், "இப்போது நான் செய்து காட்டுகிறேன், நீங்கள் பாருங்கள்" என்று கேளுங்கள். அவர் செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் எளிதாகத்தான் தெரியும். உங்கள் கையை எங்கே வைக்கிறீர்கள், எவ்வளவு அழுத்துகிறீர்கள், எத்தனை வார்த்தை பேசுகிறீர்கள் என்பதை அவர் பார்த்துத் திருத்தினால்தான் அது உங்கள் கைக்கு வரும். மறக்காமல் இருக்க, அவர் அனுமதியோடு அந்தத் திருத்தத்தை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

6. வீட்டுக்கு எடுத்துப் போவது

என் மகனின் முதல் மையத்தில் எட்டுப் பயிற்சிகள் எழுதிய தாளைக் கொடுத்தார்கள். நானும் தினமும் மாலையில் பாயை விரித்து எட்டையும் செய்தேன். ஒரு மாதத்தில், பாயைக் கையில் எடுத்தாலே அவன் அழ ஆரம்பித்தான். வேறொரு தெரபிஸ்ட் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஏழு பயிற்சிகளை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டார். "இதை உடை மாற்றும்போது செய்யுங்கள், தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்" என்றார். அதன்பிறகுதான் முன்னேற்றம் தெரிந்தது.

ஆகவே பயிற்சியை ஏற்கெனவே நடக்கும் வேலையோடு முடிச்சுப் போடுங்கள். சாப்பாடு, குளியல், உடை மாற்றுவது, தூங்கப் போவது நான்கும் தினம் நடந்தே தீரும். கையை நீட்டும் பயிற்சியைச் சட்டைக்குள் கையை விடும்போது, நிற்கும் பயிற்சியைப் பல் துலக்கும்போது, கேட்கும் பயிற்சியைச் சாப்பாட்டின்போது வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிட, நாளில் ஆறு முறை ஐந்து நிமிடம் நல்லது. குழந்தைக்கு அலுக்காது, எதற்காக என்பதும் அதற்குப் புரியும்.

ஒரு செயலைக் கற்றுக்கொடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். டீ ஷர்ட் போடுவதை எடுத்துக்கொள்வோம். தலை, இரண்டு கை எல்லாவற்றையும் நீங்களே போட்டுவிட்டு, வயிற்றுக்குக் கீழே இழுத்துவிடும் கடைசி இழுப்பை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். அது கைவந்ததும் கடைசிக் கையையும் சேர்த்து விடுங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் "நான் முடித்தேன்" என்ற இடத்தில் குழந்தை நிற்கும். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் திணறி, நீங்கள் வந்து முடித்துவைப்பதில்தான் நிற்கும்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். சில குழந்தைகளுக்குக் கேட்டதைப் புரிந்து உடலை அசைக்கவே அவ்வளவு நேரம் ஆகும். நாம் மூன்றாவது நொடியில் அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டால், அது மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

படம் காட்டிப் பேசப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை, சில குழந்தைகளுக்குப் பேச்சு சற்றுக் கூடவும் செய்கிறது. படங்களை அலமாரியில் பூட்டி வைக்காமல் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நீங்களும் பேசும்போது அந்தப் படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். நாம் பயன்படுத்தாத ஒரு மொழியைக் குழந்தை எங்கிருந்து கற்கும்?

உணவு ஊட்டுவதில் மட்டும் சொந்தமாக முயற்சி செய்ய வேண்டாம். படுத்த நிலையிலோ தலை பின்னால் சாய்ந்தோ ஊட்டக் கூடாது. முதுகு நிமிர்ந்து, கால் எதன்மேலாவது ஊன்றி இருக்க வேண்டும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச்சளி, இவை இருந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மருத்துவரிடமும் விழுங்குதலில் பயிற்சி பெற்றவரிடமும் காட்டாமல் உணவின் பதத்தை மாற்றாதீர்கள்.

இறுகிய காலையோ கையையோ வலிக்க வலிக்க இழுப்பதும் வேண்டாம். வலித்தால் தசை இன்னும் இறுகும், குழந்தைக்கு உங்கள் கைமேல் உள்ள நம்பிக்கையும் போகும்.

7. குறித்து வையுங்கள்

மனம் ஏமாற்றும். நல்ல நாளில் எல்லாம் முன்னேறியது போலவும், மோசமான நாளில் எதுவுமே நடக்காதது போலவும் தோன்றும். ஒரு காலண்டர் தாளில் தினமும் ஒரு எண் போதும்: முழுதாக நான் செய்தேன் 0, கையைப் பிடித்துச் செய்தோம் 1, தொட்டதும் செய்தது 2, சொன்னதும் செய்தது 3, தானாகச் செய்தது 4. சொன்னதும் செய்வதற்கும் தானாகச் செய்வதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. இந்த எண்கள்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடம், அடிப்பது போன்றவற்றுக்கு மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் நாம் என்ன செய்தோம். பத்துப் பதினைந்து பதிவு சேர்ந்ததும் படித்துப் பாருங்கள். "டிவியை அணைத்தபோது", "வீட்டில் கூட்டம் வந்தபோது" என்று ஒரு ஒழுங்கு தெரியும். மையத்துக்கு இதைவிடப் பயனுள்ள காகிதம் கிடையாது.

நான்கு வாரம் ஆகியும் எண் நகரவில்லை என்றால் படியைச் சிறிதாக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தையால் முடியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

8. பெற்றோர் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்

"தெரபி மட்டும் போதும், கூட்டத்துக்கெல்லாம் நேரமில்லை" என்பவர்கள் மிக அதிகம். வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் அமைத்த பயிற்சித் திட்டத்தைப் பாருங்கள்: ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டு வருகைகள். குழுதான் அதன் முதுகெலும்பு. பெற்றோரின் மன நலமும் அதில் பாடமாகவே இருக்கிறது. இன்னொரு அம்மா தன் வீட்டில் எப்படிச் சமாளித்தார் என்று கேட்பது புத்தியில் சட்டென்று ஏறும்.

அப்பாவும் வர வேண்டும். அம்மா மட்டும் கற்றுக்கொண்டால், வீட்டில் அவர் ஒரு முறை, மற்றவர்கள் ஒரு முறை என்று குழந்தை குழம்பும். அம்மா ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் எல்லாம் நின்றுபோகும். தாத்தா, பாட்டியால் வர முடியாவிட்டால், பயிற்சியாளர் உங்களைத் திருத்தியபோது எடுத்த வீடியோவைக் காட்டுங்கள்.

கூடப்பிறந்தவர்களை மறந்துவிடுகிறோம். அவர்களுக்கென்று வாரத்தில் கொஞ்ச நேரமாவது தனியே ஒதுக்குங்கள். தம்பிக்கு என்ன, ஏன் என்று அவர்கள் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தங்களால்தான் இப்படி ஆயிற்று என்றுகூடச் சிறு பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

கூட்டத்தில் கேட்ட அனுபவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த குழந்தையின் வலிப்பு மருந்தோ அளவோ உங்கள் குழந்தைக்குப் பொருந்தாது. நீங்களாக நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம்.

9. பள்ளியும் உரிமையும்

நல்ல மையம் தெரபியோடு நிற்காது. எந்த அலுவலகத்தில் என்ன கேட்கலாம், பள்ளியில் என்ன கோரலாம் என்றும் சொல்லித்தரும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, குடும்பங்களுக்குத் தகவலும் சேவையும் ஆதரவும் தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்கிறது. 24-ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. உங்கள் நாட்டில் இதற்கான சட்டத்தின் பெயரை மையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளியில் பேசப் போகும்போது கோரிக்கையை எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். "கவனித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால், "கவனிக்கிறோம்" என்றுதான் பதில் வரும். "முன் வரிசையில் இடம், எழுத இருமடங்கு நேரம், கழிவறைக்குக் கூட ஒருவர்" என்று கேட்டால், முடியும் அல்லது முடியாது என்று சொல்லியாக வேண்டும். உங்களோடு இன்னொருவரையும் அழைத்துப் போங்கள். மனம் கலங்கும் நேரத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது.

10. ஆறு மாதத்துக்கு ஒருமுறை

மூன்றாம் படியில் எழுதிய தாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முடிந்ததை அடித்துவிட்டு அடுத்ததை எழுதுங்கள். மையம் தன் எழுத்து மதிப்பீட்டைத் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். இரண்டு மதிப்பீடு ஆகியும் இலக்கும் மாறவில்லை, முறையும் மாறவில்லை என்றால் வேறு மையத்தைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. குழந்தை தினமும் பயந்து அழுதால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கருவிகளையும் அன்றே பாருங்கள். குழந்தை வளரும், கருவி வளராது. கை, காலைச் சரியான நிலையில் வைக்கப் போடும் ஸ்பிளின்ட்டைக் கழற்றியபின் சிவந்த தடம் இருபது, முப்பது நிமிடத்தில் மறையவில்லை என்றால் அது இறுக்கமாகிவிட்டது. சரிசெய்யும் வரை போடாமல் வைத்து, அன்றே மையத்துக்குச் சொல்லுங்கள். நாற்காலியில் இடுப்பு சறுக்கி முன்னால் வந்தாலோ, பாதம் பலகையில் ஊன்றாமல் தொங்கினாலோ மறுபடி அளவெடுக்கச் சொல்லுங்கள்.